ஆஸ்கிடாக்: ஒரு வாக்கியத்துக்குள் நிபந்தனை

பெங்களூரில் புதிதாக வேலைக்குச் சேருவோருக்கு அலுவலக வழிகாட்டி ஒன்று தயாராகிறது. திரையில் படிப்பவருக்கு வரைபடச் சுட்டி போதும். அச்சுத் தாளை மடித்து எடுத்துப்போகிறவருக்கு மெட்ரோ நிலையத்தின் பெயரே வேண்டும். இதற்காக இரண்டு கோப்பு வைக்காதீர்கள். ஆவணங்களை வெற்று உரையாக எழுதப் பயன்படும் குறியீட்டு மொழியான ஆஸ்கிடாக்கில் (AsciiDoc), ஒரே கோப்பில் நிபந்தனை வைத்து இரண்டையும் உருவாக்கலாம். ஒன்றைத் திருத்தி மற்றதை மறப்பது நடந்தே தீரும்.

கீழே கட்டளைகளை ஒலிபெயர்த்திருக்கிறோம். கோப்பில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டவும்: இஃப்டெஃப் என்பது ifdef, பேக்எண்ட்-ஹெச்டிஎம்எல்5 என்பது backend-html5 (திரை வடிவம்), பேக்எண்ட்-பிடிஎஃப் என்பது backend-pdf (அச்சு வடிவம்).

ஊதா வழித்தட ரயிலில் ஏறி
இஃப்டெஃப்::பேக்எண்ட்-ஹெச்டிஎம்எல்5[வரைபடத்தில் குறித்த நிலையத்தில்]
இஃப்டெஃப்::பேக்எண்ட்-பிடிஎஃப்[ஒயிட்ஃபீல்டு காடுகோடி நிலையத்தில்]
இறங்கவும்.

நான்கு வரியும் ஒரே பத்தியாகச் சேரும். நடுவே வெற்று வரி விட்டால் பத்தி உடையும். சதுர அடைப்புக்குள் உரை இருந்தால், நிபந்தனையை முடிக்கும் எண்டிஃப் (endif) தேவையில்லை. போட்டால் ஜோடியில்லாத எண்டிஃப் என்று பிழை வரும். அடைப்பு காலியாக இருந்தால் எண்டிஃப் கட்டாயம். மறந்தால், நிபந்தனை பொருந்தாத வெளியீட்டில் அதன் பிறகுள்ள பகுதி முழுவதும் காணாமல் போகும்.

கட்டளை வரியின் முதல் எழுத்திலிருந்தே தொடங்க வேண்டும். பத்தியைப் பிரித்துப் படிப்பதற்கு முன்பே, வரி வரியாக இது கையாளப்படுகிறது. வாக்கியத்தின் நடுவில் எழுதினால் கட்டளையே உரையாக அச்சாகிவிடும்.

தமிழில் எழுதுவோர் மிகக் கவனிக்க வேண்டியது வேற்றுமை உருபு. வரி முறிவு வெளியீட்டில் இடைவெளியாகிறது. “நிலையத்” என்று அடைப்புக்குள்ளும் “தில்” என்று அடுத்த வரியிலும் வைத்தால் சொல் இரண்டாக நிற்கும். உருபோடு முழுச் சொல்லையும், முற்றுப்புள்ளி வந்தால் அதையும், உள்ளேயே வையுங்கள்.

தலைப்பு ஒரே வரியில் இருக்க வேண்டும் என்பதால் அங்கே இந்த உத்தி எடுபடாது. கோப்பின் தொடக்கத்தில் நிபந்தனைக்குள் ஒரு பண்பை (பெயரும் மதிப்பும் கொண்ட மாறியை) வரையறுத்து, தலைப்பில் நெளிவு அடைப்புக்குள் அதன் பெயரை இடவும். அதன் மதிப்பையும் உருபு சேர்ந்த வடிவிலேயே கொடுங்கள்.

பண்பு இருக்கிறதா என்பதை மட்டுமே இஃப்டெஃப் பார்க்கும். மதிப்பு “இல்லை” என்றிருந்தாலும் உரை வரும். மதிப்பை ஒப்பிட இஃப்இவால் (ifeval) உண்டு; அதற்கு ஒற்றை வரி வடிவம் கிடையாது. பல பண்புகளில் ஏதேனும் ஒன்று போதுமென்றால் காற்புள்ளி, எல்லாமே வேண்டுமென்றால் கூட்டல் குறி. குறிக்குப் பின் இடைவெளி கூடாது.

ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் இரண்டு வடிவங்களையும் உருவாக்கி, அவற்றில் இஃப்டெஃப் என்ற சொல்லைத் தேடுங்கள். கிடைத்தால் அந்தக் கட்டளை வரியின் தொடக்கத்தில் இல்லை, அல்லது பண்புப் பெயர்களுக்கு நடுவே இடைவெளி விழுந்திருக்கலாம்.