பாராங் எடுத்தாச்சு, பேனா எடுத்தீங்களா? ஜாகா வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குலை வெட்டி ஓய்ந்த கையோடு செம்பனை ஆலை கேட்டிலோ, பக்கத்துத் தாமான் (குடியிருப்பு) காவல் கூண்டிலோ ஜாகாவாக, அதாவது காவலாளியாக, உட்காருவது மலேசியாவின் பெஸ்தாரி ஜெயா பக்கம் புதிதல்ல. அப்படிப் போகிறவர்களில் பலர் பையில் முதலில் வைப்பது பாராங் என்னும் வெட்டுக்கத்தி. முதல் தவறே அதுதான்.

தோட்டத்துக்குள் பாராங் வேலைச் சாமான். மோட்டாரில் சொருகிக்கொண்டு கேட்டுக்கு வந்தால் அதுவே ஆயுதம். தக்க காரணமில்லாமல் பொது இடத்தில் அபாயகர ஆயுதம் வைத்திருப்பதை 1958-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்குகிறது. சிறையோடு பிரம்படியும் கிடைக்கலாம். கம்பெனி கொடுத்த சோத்தா (காவல் தடி) போதும். பழம் திருட வருபவனைக் கட்டிப்போட நைலான் கயிறு வைத்திருக்கும் அண்ணன்மாரும் உண்டு. கடுங்குற்றத்தைக் கண்ணெதிரே செய்தவனைப் பொதுமக்களும் பிடிக்கலாம், ஆனால் தாமதிக்காமல் போலீசிடம் ஒப்படைக்க வேண்டும் என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு. விடியும்வரை கட்டிவைத்து நாலு சாத்து சாத்தினால், ரிப்போர்ட் உங்கள் மேல்தான் வரும்.

அடுத்தது, வருகிறவர்களின் ஐசியை (அடையாள அட்டையை) வாங்கி மேசைக்குள் போட்டுக்கொள்வது. ஐசியைப் பிடித்து வைக்க ஜாகாவுக்கு அதிகாரமில்லை. பெயர், வண்டி எண், போகும் வீடு, நேரம் ஆகியவற்றை எழுதிக்கொண்டு பாஸ் கொடுங்கள். எழுதிய புத்தகத்தை அடுத்து வருபவர் படிக்கும்படி விரித்தும் வைக்காதீர்கள். ஒரு பேனா மட்டும் வைத்திருப்பதும் தவறுதான். நடுராத்திரி மழையில் லோரி நிற்கும்போதுதான் அது எழுதாது.

கைப்பேசி இருக்கிறதே என்று டார்ச்சை வீட்டில் விட்டு வருகிறார்கள். ராத்திரி பூராவும் அதிலேயே வெளிச்சம், அதிலேயே பாட்டு. மூன்று மணிக்கு பேட்டரி செத்துப்போகும். டார்ச் தனியாக வேண்டும். பல நாள் பயன்படுத்தாவிட்டால் பேட்டரியைக் கழற்றி வையுங்கள். உள்ளேயே கிடந்தால் கசிந்து டார்ச்சையே அரித்துவிடும்.

எண்களைக் கைப்பேசிக்குள் மட்டும் வைக்காமல், பக்கத்துப் போலீஸ் நிலையம், மருத்துவமனை, தோட்ட மானேஜர் எண்களைத் தாளில் எழுதிக் கூண்டுச் சுவரில் ஒட்டுங்கள். பலருக்கும் தோன்றாத ஒன்று, அந்த இடத்தின் முழு முகவரியையும் அதே தாளில் எழுதுவது. 999-ஐ அழைத்தால் எடுப்பவர் எங்கோ ஒரு மையத்தில் இருப்பவர். ‘மூணாம் டிவிசன் பழைய லயத்துப் பக்கம்’ என்றால் அவருக்கு என்ன புரியும்? சாலைப் பெயர், அருகிலுள்ள பள்ளி அல்லது கோயில், திரும்ப வேண்டிய முனை எல்லாவற்றையும் மலாயில் எழுதி வையுங்கள். பதற்றத்தில் யாருக்கும் வாய் வராது, பார்த்து வாசித்துவிடலாம்.

செம்பனைக் காட்டில் எலி அதிகம், எலியைத் தேடி நாகமும் வரும். சிலிப்பரோடு ரவுண்டு போகாதீர்கள், பூட்ஸ் போடுங்கள். முதலுதவிப் பெட்டியில் பிளேடும் இறுக்கிக் கட்டும் கயிறும் வைப்பது பழைய பழக்கம். கடித்த இடத்தைக் கீறக்கூடாது, உறிஞ்சக்கூடாது, இறுகக் கட்டவும் கூடாது. மோதிரம், கடிகாரத்தைக் கழற்றி, கடிபட்டவரை அசையாமல் வைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். பாம்பை அடித்துத் தூக்கிக்கொண்டு ஓடும் வீரம் வேண்டாம்.

இனிப்புநீர் (சர்க்கரை நோய்) உள்ளவர்கள் மருந்தை மறப்பதில்லை, சாப்பாட்டைத்தான் தள்ளிப்போடுகிறார்கள். 12 மணி நேர ஷிப்டில் மருந்து போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை இறங்கி வேர்க்கும், கை நடுங்கும், மயக்கமும் வரலாம். தூக்கம் என்று நினைத்து அப்படியே சாய்ந்துவிடாதீர்கள். இனிப்பு மிட்டாயோ சர்க்கரைப் பொட்டலமோ சட்டைப் பையிலேயே இருக்கட்டும். மோட்டார் பெட்டிக்குள் பூட்டி வைத்தால் அந்த நேரத்தில் சாவி தேட முடியாது.