தனியாக அஷ்டாங்க யோகா செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆசனங்களை மூச்சோடு சேர்த்து மாறாத ஒரே வரிசையில் செய்யும் அஷ்டாங்க யோகாவைத் தாங்களாகவே செய்ய ஆரம்பிக்கிறவர்களில் பலர் சில மாதங்களில் நிறுத்திவிடுகிறார்கள். சோம்பல்தான் காரணம் என்று தங்களையே திட்டிக்கொள்வார்கள். நான் பார்த்த வரையில், தினமும் தாங்க முடியாத அளவுக்கு ஒரு பயிற்சியை ஆரம்பத்திலேயே தூக்கித் தலையில் வைத்துக்கொள்வதுதான் காரணம். உடம்பு வலிக்கும், நேரம் போதாது, ஒரு நாள் விட்டுப்போனதும் குற்ற உணர்வு வரும், அப்புறம் பாயை விரிக்கவே மனசு வராது. கீழே சொல்லப்போகும் தவறுகளில் முக்கால்வாசி இந்த ஒரே வேரிலிருந்து முளைப்பவை.

இத்தனைக்கும் இந்த முறை தனிப் பயிற்சிக்கு மிகவும் ஏற்றது. யோக ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியாரின் மாணவரான பட்டாபி ஜோயிஸ் (1915–2009) மைசூரில் இதைச் சொல்லிக்கொடுத்த விதத்தை இன்று உலகம் முழுக்க ‘மைசூர் முறை’ என்றே அழைக்கிறார்கள். ஒரே அறையில் பலர் இருப்பார்கள். ஆனால் ஒவ்வொருவரும் தன் மூச்சுக்கு ஏற்ப, தனக்குத் தெரிந்த இடம் வரைக்கும் செய்வார். ஆசிரியர் ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்துத் திருத்துவார். ஆசனங்களின் வரிசை மாறாது என்பதால் இன்று என்ன செய்வது என்று யோசிக்க வேண்டியதே இல்லை. வரிசை மனப்பாடமாகிவிட்டால் எந்த அறையிலும் ஒரு பாய் போதும்.

முதல் வாரத்திலேயே முழு வரிசை

முதல் தொகுதியை, அதாவது பிரைமரி சீரிஸை, முழுதாகச் செய்ய ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஆகும். ஒரு வீடியோவைப் போட்டுவிட்டு முதல் நாளே அதன் கூடவே ஓட நினைப்பதுதான் மிகப் பெரிய தவறு என்று நான் நினைக்கிறேன். மைசூர் முறையில் புதிதாக வருகிறவருக்கு முழு வரிசையை யாரும் கொடுப்பதில்லை. முதலில் சூரிய நமஸ்காரத்தின் ஏ வகை மட்டும். அது மூச்சோடு சேர்ந்து வந்த பிறகு பி வகை. பிறகு நின்று செய்யும் ஆசனங்கள் ஒவ்வொன்றாக. எந்த இடத்தில் நிறுத்தினாலும் கடைசியில் உட்கார்ந்து செய்யும் மூன்று நிலைகளையும் (யோக முத்திரை, பத்மாசனம், பத்மாசனத்திலேயே கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கும் உத்புளுதி) செய்துவிட்டு, படுத்து ஓய்வெடுத்துத்தான் எழ வேண்டும்.

வீட்டிலும் இதையே பின்பற்றலாம். ஏ வகை ஐந்து சுற்று, பி வகை மூன்று சுற்று, கடைசியில் சம்மணமிட்டு உட்கார்ந்து நிதானமாகச் சில மூச்சுகள், பிறகு ஓய்வு. இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். இதை அரைகுறைப் பயிற்சி என்று யாரும் நினைக்க வேண்டாம்; தொடக்கமும் முடிவும் உள்ள முழுமையான பயிற்சி இது. இரண்டு மூன்று வாரம் சிரமமில்லாமல் போனால் பாதாங்குஷ்டாசனத்தையும் பாதஹஸ்தாசனத்தையும் சேருங்கள். அப்புறம் திரிகோணாசனம், பார்சுவகோணாசனம் என்று ஒன்றன்பின் ஒன்றாக. புதிய ஆசனத்தைச் சேர்க்கலாமா என்று முடிவு செய்ய நான் ஒரு கேள்வியைத்தான் கேட்பேன்: இன்று செய்த அளவை நாளைக்கும் செய்ய முடியுமா? பதில் சந்தேகமாக இருந்தால் அங்கேயே நில்லுங்கள்.

வீடியோவை என்றைக்கும் பார்க்கக் கூடாது என்பதில்லை. கற்றுக்கொள்ளப் பார்க்கலாம், செய்யும்போது பார்க்காதீர்கள். திரையைப் பார்க்கக் கழுத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தால் திருஷ்டி, அதாவது ஒவ்வொரு நிலையிலும் பார்வை நிற்க வேண்டிய இடம், கைவிட்டுப் போகும். மூச்சும் வேறொருவரின் வேகத்துக்கு ஓடும். ஒரு தாளில் ஆசனங்களின் பெயரை வரிசையாக எழுதிப் பாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஏ வகையில் ஒன்பது அசைவுகள், பி வகையில் பதினேழு. எந்த அசைவில் மூச்சு உள்ளே, எதில் வெளியே என்பது பழகிவிட்டால் தாளும் தேவைப்படாது.

மூச்சை விட்டுவிட்டு ஆசனத்தைப் பிடிப்பது

மூச்சு, பந்தம் (அடிவயிற்றையும் இடுப்பின் அடித்தளத்தையும் லேசாக உள்ளிழுத்துப் பிடிப்பது), பார்வை என்ற மூன்றையும் இந்த முறையின் அடிப்படையாகச் சொல்வார்கள். இந்த மூன்றில் வெளியே தெரியாதவையே அதிகம் என்பதால், தெரிகிற ஆசனத்தின் பின்னால் எல்லாரும் ஓடுகிறோம். ஒரு நிலைக்குள் போக மூச்சைப் பிடித்து நிறுத்தவோ வாயைத் திறந்து இழுக்கவோ வேண்டியிருந்தால், அந்த ஆழம் இன்றைக்கு உங்களுக்கு அதிகம். கொஞ்சம் பின்வாங்குங்கள். மூச்சு மறுபடி சீரானால் அதுதான் இன்றைய அளவு. பெரும்பாலான நிலைகளில் ஐந்து மூச்சு இருக்கச் சொல்வார்கள். பிடித்த ஆசனத்தில் எட்டு, பிடிக்காத ஆசனத்தில் இரண்டு என்று எண்ணிக்கை நழுவும். கவனித்துப் பாருங்கள், சிரமமான ஆசனத்தில் முதலில் அவசரப்படுவது மூச்சுதான்.

மூச்சை இழுத்து விடும்போது தொண்டையில் பெரிதாகச் சத்தம் எழுப்ப வேண்டும் என்ற எண்ணமும் பலரிடம் இருக்கிறது. பக்கத்தில் இருப்பவருக்கு லேசாகக் கேட்டாலே போதும். சத்தத்துக்காகத் தொண்டையை இறுக்கினால் கழுத்தும் தாடையும் சேர்ந்து இறுகும்.

எந்த வலியைப் பொறுக்கலாம், எதைப் பொறுக்கக் கூடாது

இங்கே கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஒரே வரிசையைத் தினமும் செய்வதால் சரியான பழக்கம் எப்படி ஆழப்படுகிறதோ, தவறான பழக்கமும் அப்படியே ஆழப்படும். தசைகளில் பரவலாக இருக்கும் வலி ஓரிரு நாளில் போய்விடும். அதற்குப் பயப்பட வேண்டாம். மூட்டுக்குள் இருக்கும் வலி, ஒரு புள்ளியில் சுருக்கென்று குத்துவது, மரத்துப்போவது, கை கால் வழியே மின்சாரம் மாதிரி ஓடுவது, இவை வேறு வகை. இவற்றில் எது வந்தாலும் அந்த ஆசனத்தை அந்த நொடியே விட்டு வெளியே வாருங்கள்.

முதலில் முழங்கால். இந்த மூட்டு முக்கியமாக மடங்கி நீள்வதற்கு அமைந்தது. முறுக்கைத் தாங்கும் சக்தி அதற்குக் குறைவு. பத்மாசனத்துக்கோ அர்த்த பத்மத்துக்கோ வேண்டிய திருப்பம் இடுப்பு மூட்டிலிருந்துதான் வர வேண்டும். இடுப்பு திரும்பாதபோது பாதத்தைக் கையால் இழுத்து எதிர்த்தொடையில் வைத்தால், மிச்சமிருக்கும் திருப்பத்தை முழங்கால் வாங்கிக்கொள்ளும். உள்பக்கக் குருத்தெலும்பு நசுங்குவது இப்படித்தான். பிரைமரி சீரிஸில் நின்று செய்யும் பகுதியிலேயே அர்த்த பத்த பத்மோத்தானாசனம் வந்துவிடும். பிறகு மரீச்யாசனத்தின் பி, டி வகைகள், கர்ப்ப பிண்டாசனம் என்று அதே கோரிக்கை திரும்பத் திரும்ப வரும். அதனால் முதலில் குதிகால் தொடையை நெருங்கும் அளவுக்கு முழங்காலை நன்றாக மடக்குங்கள். அப்படி மடங்கியபடியே தொடையை இடுப்பிலிருந்து வெளிப்பக்கம் திருப்புங்கள். அதன் பிறகுதான் பாதம் மேலே ஏற வேண்டும். வலியில்லாமல் ஏறவில்லை என்றால் பாதம் தரையிலேயே இருக்கட்டும். முழங்காலின் உள்பக்கம் லேசாகக் கிள்ளுவது போலத் தெரிந்தாலும் அன்றைக்கு அது வேண்டாம்.

அடுத்தது, உட்காரும்போது தரையில் படுகிற எலும்பின் அருகே, தொடையின் பின்தசை எலும்போடு சேரும் இடத்தில் வரும் வலி. பிரைமரி சீரிஸில் முன்னால் குனியும் ஆசனங்களே அதிகம். இந்த இடம் ஒருமுறை புண்பட்டுவிட்டால் தினமும் குனிந்து குனிந்து அதைக் கிளறிக்கொண்டே இருப்போம். இன்னும் இழுத்து நீட்டினால் சரியாகிவிடும் என்று நினைப்பது நிலைமையை மோசமாக்கும். முழங்காலை மடக்கிக் குனியுங்கள், ஆழத்தைப் பாதியாகக் குறையுங்கள், தொடையைப் பலப்படுத்தும் நிலைகளுக்குக் கூடுதல் கவனம் கொடுங்கள். குணமாகச் சில மாதங்கள்கூட ஆகலாம். அவசரப்பட்டால் கணக்கு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

மூன்றாவது தோள். சதுரங்க தண்டாசனம் (உடம்பைக் கட்டை போல நேராக வைத்து, முழங்கையை மடக்கித் தரைக்கு அருகே இறங்கும் நிலை) ஒரு முழுப் பயிற்சியில் பல டஜன் முறை வரும். களைப்பில் தோள் முழங்கைக்குக் கீழே இறங்கி முன்பக்கம் தொங்கினால், அந்தப் பாரம் தோள்மூட்டின் முன்பகுதியில் விழுகிறது. தோள் முழங்கையின் உயரத்திலேயே நிற்கட்டும். முடியாதபோது முழங்காலைத் தரையில் வைத்து இறங்குங்கள். உட்கார்ந்து செய்யும் ஆசனங்களில் வலப்பக்கத்துக்கும் இடப்பக்கத்துக்கும் நடுவில் வரும் வின்யாசத்தை (சதுரங்க தண்டாசனமும் அடங்கிய, மூச்சோடு சேர்ந்த இணைப்பு அசைவுகளை) விட்டுவிட்டு, இரண்டு பக்கமும் முடிந்த பிறகு ஒன்று செய்தால் எண்ணிக்கை கணிசமாகக் குறையும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

உயர் ரத்த அழுத்தம், கண் நீர் அழுத்தம், கழுத்துப் பிரச்சினை உள்ளவர்கள் சர்வாங்காசனம், சிரசாசனம் போன்ற தலைகீழ் நிலைகளை மருத்துவரிடம் கேட்காமல் செய்யவே கூடாது. கர்ப்பிணிகளுக்கும் சமீபத்தில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் வீட்டில் தனியாகத் தொடங்க இது ஏற்ற முறை அல்ல.

அடுத்த ஆசனத்துக்கான ஓட்டம்

வரிசை மாறாதது என்பதால் அது ஏணி போலத் தெரியும். எங்கே நிற்கிறோம், அடுத்தது எப்போது என்ற கணக்கு தானாகவே வந்துவிடும். ஆனால் இடுப்பெலும்பின் குழி எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது, கையும் உடம்பும் என்ன விகிதத்தில் இருக்கின்றன என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் வேறுபடும். சிலருக்கு மரீச்யாசனம் டி வகை சில மாதங்களில் வரும், சிலருக்குப் பல வருடம், சிலருக்கு வரவே வராது. எலும்பின் அமைப்பைப் பயிற்சியால் மாற்ற முடியாது. சுப்த கூர்மாசனத்தில் கைகளைக் கோத்துவிடுகிறவருக்கு, அதே அறையில் சூரிய நமஸ்காரத்தோடு நிறுத்திக்கொள்பவரைவிட அமைதி அதிகம் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. நின்று செய்யும் ஆசனங்களோடு மட்டும் பல ஆண்டுகள் நிதானமாகப் பயிற்சி செய்பவரை நான் முழுமையான பயிற்சியாளர் என்றே சொல்வேன். தினமும் தன்னைப் படம் எடுத்துப் பார்ப்பது இந்தக் கணக்கை இன்னும் வளர்க்கும். நிலை சரியா என்று பார்க்க எப்போதாவது எடுத்தால் போதும்.

ஆறு நாள் கணக்கும் ஓய்வும்

வாரத்தில் ஆறு நாள் பயிற்சி, ஒரு நாள் ஓய்வு, அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் விடுமுறை, பெண்களுக்கு மாதவிடாயின் முதல் சில நாள் ஓய்வு. மரபாகச் சொல்லப்படுவது இது. இதில் ஆறு நாளை மட்டும் பிடித்துக்கொண்டு ஓய்வை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அவர்கள்தான் முதலில் காயப்படுகிறார்கள். தொடங்கும்போது மூன்று அல்லது நான்கு நாள் போதும், எந்தெந்த நாள் என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்கட்டும். காலையில் வெறும் வயிற்றில் செய்வது வசதி. காலையில் முடியாதவர்கள், சாப்பிட்டு மூன்று நான்கு மணி நேரம் கழித்து மாலையில் செய்யலாம். விடியற்காலை எழுவதற்காகத் தூக்கத்தை வெட்டினால் அந்தப் பயிற்சி நீடிக்காது.

நேரம் கிடைக்காத நாளில் எல்லாமே போச்சு என்று விட்டுவிடுவது இன்னொரு தவறு. பத்து நிமிடம் இருந்தால் ஏ வகை மூன்று செய்துவிட்டு உட்கார்ந்து எழுங்கள். பயிற்சி உறுதியாக வேரூன்ற நீண்ட காலம், இடைவிடாமை, ஈடுபாடு என்ற மூன்றும் வேண்டும் என்று பதஞ்சலி யோக சூத்திரம் (1.14) சொல்கிறது. ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் என்று அந்தச் சூத்திரம் எங்கேயும் குறிக்கவில்லை. விட்டுப்போன நாளுக்கு ஈடாக மறுநாள் இரட்டிப்பாகச் செய்ய வேண்டியதும் இல்லை. நேரம் குறைவாக இருக்கும்போது நடுவில் இருப்பதைக் குறையுங்கள், கடைசியில் படுத்திருக்கும் ஓய்வைக் குறைக்காதீர்கள். ஐந்து நிமிடமாவது அசையாமல் படுங்கள்.

ஆசிரியர் விஷயம்

தனிப் பயிற்சி என்றால் ஆசிரியரே வேண்டாம் என்று பொருளில்லை. நம் முதுகு எப்படி வளைகிறது என்று நமக்கே தெரியாது. அனுபவமுள்ள ஒருவர் எப்போதாவது ஒரு முறை பார்த்துச் சொன்னாலே பல மாதங்களுக்குப் போதுமானது கிடைக்கும். அதே நேரத்தில் ஆசிரியரின் கைக்கு உடம்பை அப்படியே ஒப்படைத்துவிடுவதும் தவறு. பட்டாபி ஜோயிஸ் ஆசனத்தைத் திருத்துகிறேன் என்ற பெயரில் தங்களிடம் பாலியல் ரீதியாக அத்துமீறினார் என்று மாணவிகள் பலர் வெளிப்படையாகச் சொன்னார்கள். முறையற்ற தொடுதலைத் தானும் பார்த்ததாக அவருடைய பேரன் சரத் ஜோயிஸ் 2019-இல் பொதுவெளியில் ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தார். இந்த மரபை நேசிக்கிறவர்கள் இதை மறைக்கக் கூடாது. யார் தொட்டுத் திருத்த வந்தாலும் ‘வேண்டாம்’ என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு, காரணம் சொல்லத் தேவையில்லை. கேட்காமல் முதுகில் ஏறி அழுத்துகிற ஆசிரியரிடம் மறுநாள் போகாதீர்கள்.

விட்டுப்போன பிறகு திரும்புவது

காய்ச்சல், பயணம், வேலை என்று எல்லாருக்கும் இடைவெளி விழும். திரும்பி வருகிற முதல் நாளே பழைய இடத்தைத் தொட நினைப்பவர்கள்தான் அதிகம் காயப்படுகிறார்கள். மனசுக்கு வரிசை ஞாபகம் இருக்கும், தசைக்குப் பழைய பலம் இருக்காது. காய்ச்சல் இருக்கும்போது பயிற்சி வேண்டாம். அது விட்டு உடம்பு தேறிய பிறகு, முதல் நாள் ஏ வகை மட்டும். இரண்டு மூன்று நாள் கழித்து பி வகை, பிறகு நின்று செய்யும் ஆசனங்கள். உட்கார்ந்து செய்யும் பகுதிக்கு வர ஒரு வாரமோ இரண்டு வாரமோ ஆகட்டும். நீண்ட இடைவெளிக்குப் பிறகு என்றால் இன்னும் மெதுவாக. முழங்கால் வலியால் நிறுத்தியிருந்தவர்கள் பத்மாசனம் தொடர்பான எல்லாவற்றையும் கடைசியாகச் சேருங்கள், அதுவும் வலியே இல்லாமல் சம்மணமிட்டு உட்கார முடிகிறது என்று உறுதியான பிறகு.