‘ஒரு வருத்தமும் இல்லை’ என்று எழுதுவதற்கு முன்

பெரியப்பாவுக்குப் பிரசர் குறைந்ததுதான் பிரச்சினையாகப் போயிற்று. கனடாவில் பல வருடமாகப் பிரசர் குளிசை போடுகிறவர். ஊருக்குப் போக ஆறு கிழமை இருக்கும்போது குடும்ப வைத்தியரிடம் ஒரு தடவை காட்டிவிட்டு வருவோம் என்று போனார். அளவு நன்றாக இருக்கிறது என்று வைத்தியர் குளிசையைப் பாதியாகக் குறைத்தார். சந்தோசமாகப் பயணக் காப்புறுதியும் எடுத்துக்கொண்டு விமானம் ஏறினார். யாழ்ப்பாணத்தில் பத்தாம் நாள் தலைசுற்றி விழுந்து, தனியார் வைத்தியசாலை ஒன்றில் நாலு நாள் படுத்திருந்தார். திரும்பி வந்து பற்றுச்சீட்டுகளை அனுப்பியபோது காப்புறுதி நிறுவனம் ஒரே வரியில் பதில் எழுதியது: பயணத்துக்கு முந்தைய 90 நாட்களுக்குள் மருந்தின் அளவு மாறியிருக்கிறது, பணம் தர இயலாது. “கூட்டியிருந்தால் வருத்தம் முற்றிவிட்டது என்று சொல்லலாம். குறைத்ததற்குமா?” என்று கேட்டார்.

குறைத்ததற்கும்தான். கனடாவில் விற்கப்படும் பயணக் காப்புறுதிகளில் ‘ஸ்டேபிலிட்டி பீரியட்’ என்று ஒரு காலம் உண்டு. பெரும்பாலும் 90 நாள் அல்லது 180 நாள். வயதைப் பொறுத்தும் எடுக்கும் திட்டத்தைப் பொறுத்தும் மாறும். புறப்படும் நாளுக்கு முந்தைய அந்த நாட்களில் உங்களுக்கு ஏற்கனவே இருக்கிற வருத்தம் ஆடாமல் அசையாமல் இருந்திருக்க வேண்டும். புது மருந்து, மருந்தை நிறுத்தியது, அளவைக் கூட்டியது, குறைத்தது, புதிதாக வந்த நோ, நிபுணரிடம் அனுப்பிவைத்தது, செய்யச் சொன்ன பரிசோதனைக்கு இன்னும் முடிவு வராதது, இவை எல்லாமே ‘ஆட்டம்’தான். சில விலக்குகளும் உண்டு. நெடுங்காலமாக இன்சுலின் அல்லது இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர்கள் வழமையாகச் செய்துகொள்ளும் சின்ன அளவு மாற்றங்களையும், அதே மருந்தை அதே அளவில் வேறு கம்பனிப் பெயரில் வாங்குவதையும் பல நிறுவனங்கள் மாற்றமாகக் கணக்கிடுவதில்லை. உங்கள் காப்புறுதிப் பத்திரத்தில் அந்த வரி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

ஆகவே ஊருக்குப் போகுமுன் ‘எல்லாம் செக் பண்ணிக்கொண்டு போவோம்’ என்று நினைப்பது நல்ல பழக்கம்தான், ஆனால் அதைப் பயணத்துக்கு நாலைந்து மாதம் முன்னரே செய்துவிடுங்கள். 180 நாள் கேட்கும் திட்டம் என்றால் ஏழு மாதம் முன்னர். இடையில் வைத்தியர் மருந்தை மாற்றவேண்டும் என்று சொன்னால், பயணத்தை நினைத்து அதைத் தள்ளிப்போடவும் கூடாது. மாற்றுங்கள். அப்புறம் நிறுவனத்துக்கு அழைத்துச் சொல்லி, அந்த வருத்தத்துக்கு இன்னும் பாதுகாப்பு இருக்கிறதா, இல்லையென்றால் ஸ்டேபிலிட்டி நாட்கள் குறைந்த வேறு திட்டம் எடுக்கலாமா என்று கேளுங்கள். சொல்லும் பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பிரித்தானியாவில் முறை வேறு. அங்கே நாட்களை எண்ணுவதைவிடக் கேள்விகள்தான் அதிகம். என்ன வருத்தம், எத்தனை குளிசை, கடைசியாக எப்போது வைத்தியசாலையில் தங்கினீர்கள், புகைப்பவரா என்று கேட்டுப் புள்ளி போட்டு விலை சொல்வார்கள். இங்கேதான் எங்கள் ஆட்கள் வழுக்குகிற இடம். “உங்களுக்கு உயர் இரத்த அழுத்தம் உண்டா?” என்று கேட்டால், “இல்லை, இப்போது கட்டுப்பாட்டில் இருக்கிறது” என்கிறோம். குளிசை போடுவதால்தான் கட்டுப்பாட்டில் இருக்கிறது. குளிசை போடுகிறவரைக்கும் காப்புறுதிக் கண்ணுக்கு உங்களுக்கு அந்த வருத்தம் உண்டு. கொலஸ்ட்ரோலுக்கும் சீனி வருத்தத்துக்கும் இதே கதைதான். பத்து வருடத்துக்கு முன் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்து அதை மறந்தே போனவருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

விற்கும்போது யாரும் எதையும் சரிபார்ப்பதில்லை. இல்லை என்று ‘கிளிக்’ பண்ணினால் விலை குறையும், பத்திரமும் உடனே மின்னஞ்சலில் வந்துவிடும். அதைப் பார்த்துவிட்டு, நம்பிவிட்டார்கள் என்று நினைக்கிறோம். சரிபார்ப்பது பணம் கேட்கும் அன்றுதான். அன்றைக்கு உங்கள் குடும்ப வைத்தியரின் கோப்பு முழுவதையும் எடுத்துப் படிக்க நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவேண்டி வரும். அதில் நீங்கள் எப்போதோ மூச்சு முட்டுகிறது என்று சொன்னது வரைக்கும் எழுதியிருக்கும். பிரித்தானியாவில் 2012ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, கேட்ட கேள்விக்குக் கவனமாகப் பதில் சொல்லும் கடமை வாங்குபவருக்கு உண்டு என்கிறது. தெரிந்தே பொய் சொன்னால் பத்திரமே செல்லாது என்று நிறுவனம் தள்ளிவிடலாம். கவனக்குறைவால் தவறியிருந்தால், சரியான பதில் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பார்களோ அதற்கேற்பத் தருவார்கள். அதிக விலை கேட்டிருப்பார்கள் என்றால், தரும் தொகை அந்த விகிதத்தில் குறையும். மறந்துபோனேன் என்பதற்கும் மறைத்தேன் என்பதற்கும் சட்டத்தில் வித்தியாசம் உண்டு என்பது ஆறுதல்தான், ஆனால் அதை நிரூபிக்கப் படும் பாட்டை நான் யாருக்கும் விரும்பமாட்டேன்.

படிவம் நிரப்பும் வேலையைப் பிள்ளைகளிடம் விடுவதும் எங்கள் வழக்கம். மகனுக்கு அம்மாவின் பிரசர் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் மகனுக்குச் சொல்லாமல் போய் எடுத்த எக்கோ, அதாவது இதய ஸ்கேன், தெரியாது. அம்மா பக்கத்தில் இருக்கும்போது, மருந்துப் பெட்டியையும் வைத்தியரிடம் கேட்டு எடுத்த மருந்துப் பட்டியலையும் மேசையில் வைத்துக்கொண்டு நிரப்புங்கள்.

விலை அதிகமாக வந்தால் ஒரு குறுக்கு வழி காட்டுவார்கள். இருக்கிற வருத்தத்தை மட்டும் விலக்கிவிட்டு மற்றவற்றுக்குப் பாதுகாப்புத் தரும் மலிவான திட்டம். முழங்கால் தேய்வு மாதிரி ஒன்றை விலக்கிவிட்டுப் போகலாம், பெரிய நட்டம் வராது. சீனி வருத்தத்தை விலக்கிவிட்டுப் போவது வேறு விசயம். அந்த வருத்தத்தோடு தொடர்புடையது எல்லாமே விலக்கில் அடங்கும் என்றுதான் பத்திரத்தில் எழுதியிருக்கும். மாரடைப்பு வந்தால் சீனியோடு தொடர்பு, சிறுநீரகம் என்றால் தொடர்பு, காலில் பட்ட புண் ஆறாவிட்டால் அதுவும் தொடர்பு. பெயருக்குத்தான் ஒரு காப்புறுதி இருக்கும். பிரித்தானியாவில் இருப்பவர்களுக்கு, கடுமையான வருத்தம் உள்ளவர்களையும் ஏற்கும் நிறுவனங்களின் பட்டியல் ஒன்று ‘மனிஹெல்ப்பர்’ என்ற அரச ஆதரவுடைய சேவையில் இருக்கிறது. ஒரு நிறுவனம் மறுத்துவிட்டால் அதோடு நிற்காமல் அங்கே தேடுங்கள்.

வாழும் நாட்டின் பொது மருத்துவக் காப்புறுதி இலங்கையிலோ இந்தியாவிலோ எவ்வளவுக்கு உதவும்? பெரும்பாலும் கொஞ்சம், அல்லது ஒன்றுமேயில்லை. பிரித்தானியாவின் என்எச்எஸ் ஊரில் ஒரு பவுணும் கட்டாது. கனடாவில் ஒன்ராறியோ மாகாணத்தின் ஓஹிப் அவசரத்துக்குக் கொஞ்சம் தரும், வைத்தியசாலையில் தங்கினால் நாளொன்றுக்கு ஆகக்கூடியது 400 டொலர். அவுஸ்திரேலியாவின் மெடிகேருக்கு இலங்கையுடனோ இந்தியாவுடனோ பரஸ்பர ஒப்பந்தம் கிடையாது. ஜேர்மனியின் அரச மருத்துவக் காப்புறுதியும் ஊரில் செல்லாது. ஜேர்மனியில் தனியாக எடுக்கும் வெளிநாட்டுக் காப்புறுதி மலிவுதான், ஆனால் ‘முன்கூட்டியே எதிர்பார்க்கக்கூடிய சிகிச்சை’ அதில் அடங்காது. சுவிஸில் அடிப்படைக் காப்புறுதி வெளிநாட்டு அவசர சிகிச்சைக்கு ஓர் எல்லைவரை கட்டும், ஆனால் நோயாளியைத் திருப்பிக் கொண்டுவரும் செலவுக்கு அதை நம்பியிருக்க முடியாது.

திருப்பிக் கொண்டுவருவது என்று சொன்னேனே, உண்மையில் காப்புறுதி எடுப்பதே அதற்காகத்தான். “ஊரில் ஆஸ்பத்திரி இலவசம்தானே” என்பார்கள். யாழ்ப்பாணத்தில் பெரியாஸ்பத்திரி இருக்கிறது, 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசரிய அம்புலன்ஸ் இலவசமாக வீட்டு வாசலுக்கு வரும். முதல் உயிர்காப்புக்கு இவை போதும். அதற்குப் பிறகுதான் செலவு ஆரம்பிக்கிறது. கொழும்பு சுமார் 400 கிலோமீற்றர். நிபுணர் தேவை என்று அங்கே கொண்டுபோனால் தனியார் வைத்தியசாலையில் முதலில் முற்பணம் கேட்பார்கள். விமானத்தில் படுக்கவைத்து, கூட ஒரு தாதியோடு திருப்பிக் கொண்டுவர வேண்டுமானால் பல இருக்கைகளின் விலை போகும். கணவன் படுத்துவிட்டால் மனைவி தங்கிநிற்கும் நாட்களும், மாற்றிப் போடும் டிக்கெற்றும் அதோடு சேரும்.

நாட்களையும் பாருங்கள். வருடம் முழுவதற்கும் எடுக்கும் திட்டங்களில் ஒரு பயணம் இத்தனை நாளுக்குள் முடியவேண்டும் என்று இருக்கும். பிரித்தானியாவில் பல திட்டங்களுக்கு 31 நாள், கனடாவில் 15 நாள் திட்டங்களும் உண்டு. நாங்கள் போனால் இரண்டு மாதம் நிற்கிறோம். திருவிழா முடியட்டும், காணி அலுவல் முடியட்டும் என்று திரும்பும் நாளைத் தள்ளிப்போட்டால், காலம் முடிவதற்கு முன்பே நீட்டவேண்டும், அதற்கிடையில் வைத்தியரிடம் போயிருந்தால் அதையும் சொல்லவேண்டும். தமிழ்நாட்டுக் கோயில்களையும் பார்த்துவிட்டு வருவதானால் இந்தியாவையும் பத்திரத்தில் சேருங்கள். வழியில் டோகாவிலோ டுபாயிலோ இறங்கி ஏறுகிறவர்கள், அந்த இடைத்தங்கலும் அடங்குமா என்று கேட்டுவிடுங்கள்.

எங்களுக்கென்றே உள்ள ஒரு சிக்கல், அவசரப் பயணம். அப்பா ஊரில் சாகக்கிடக்கிறார் என்று கேள்விப்பட்டுத்தான் பலர் டிக்கெற் போடுகிறோம். பயணத்தை இடையில் முறித்தாலோ கைவிட்டாலோ அந்தச் செலவைத் தரும் பிரிவு ஒன்று காப்புறுதியில் உண்டு. ஆனால் வாங்கும்போதே உறவினரின் வருத்தம் உங்களுக்குத் தெரிந்திருந்தால், அதனால் வரும் நட்டத்தைப் பெரும்பாலான நிறுவனங்கள் தரமாட்டா. உங்கள் உடம்புக்கான பாதுகாப்பு அதனால் குறையாது, இது டிக்கெற் பணத்தைப் பற்றிய விசயம் மட்டுமே. அந்த அவசரத்தில் மாற்றக்கூடிய டிக்கெற்றாக வாங்குவதுதான் புத்தி.

ஊரில் பல்லுக் கட்டலாம், கண்ணில் வெண்புரை எடுக்கலாம், ஆயுர்வேதத்தில் இரண்டு கிழமை கிடக்கலாம் என்று திட்டத்தோடு போகிறவர்களும் இருக்கிறார்கள். செய்யுங்கள், ஆனால் அந்தச் சிகிச்சைக்கும் அதனால் வரும் சிக்கலுக்கும் சாதாரணப் பயணக் காப்புறுதி கட்டாது. போகாதே என்று வைத்தியர் சொல்லியும் போனால், அதற்கும் அப்படித்தான்.

மருந்து விசயம் உங்களுக்குத் தெரிந்ததுதான்: கைப்பையில், கடைப் பெட்டியோடு, பயண நாட்களைவிட இரண்டு கிழமைக்கு மேலதிகமாக. இன்சுலினைப் பெரிய பெட்டியில் போடாதீர்கள், விமானத்தின் அடியில் உறைந்துபோகலாம். மருந்தின் கம்பனிப் பெயரோடு மூலப்பெயரையும் எழுதி வையுங்கள். கம்பனிப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும்.

ஏதாவது நடந்தால், உயிராபத்து இல்லாத பட்சத்தில், வைத்தியசாலையில் சேர்வதற்கு முன் காப்புறுதியின் 24 மணிநேர இலக்கத்துக்கு அழைக்கவேண்டும். அழைக்காமல் விட்டால் தொகையைக் குறைக்கவோ மறுக்கவோ பத்திரத்தில் இடம் வைத்திருப்பார்கள். வைத்தியசாலையிலிருந்து வரும்போது என்ன வருத்தம், என்ன சிகிச்சை என்று எழுதித் தரும், ‘டயக்னோசிஸ் கார்ட்’ என்று ஊரில் சொல்லும் அட்டையை விட்டுவிட்டு வராதீர்கள். அரச வைத்தியசாலையில் பணம் கட்டாமல் இருந்தாலும் அது வேண்டும். பிறகு கொழும்பிலோ வீட்டிலோ தொடரும் செலவுக்கு அதுதான் ஆதாரம். தனியாரில் மொத்தத் தொகை மட்டும் போட்ட பற்றுச்சீட்டை வாங்காமல், எதற்கு எவ்வளவு என்று பிரித்து எழுதியதைக் கேட்டு வாங்குங்கள். மருந்துக்கடைத் துண்டுகளை அன்றன்றைக்கே படம் எடுத்துப் பிள்ளைகளுக்கு அனுப்பிவிடுங்கள், ஊர் வெயிலில் அந்தத் தாளின் எழுத்து ஒரு மாதத்தில் மங்கிப்போகும்.

பத்திர இலக்கமும் அந்த 24 மணிநேர இலக்கமும் உங்கள் கைபேசிக்குள் மட்டும் இருந்து பயனில்லை. மயங்கிக் கிடப்பவரின் கைபேசியை யாரால் திறக்க முடியும்? ஒரு தாளில் பெரிதாக எழுதி, போய் இறங்கும் அன்றே, தங்கும் வீட்டு மச்சாளிடம் கொடுத்து, குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டச் சொல்லுங்கள்.