அறைக்குள் வளரும் சாமந்தி: உயரமும் பூக்கும் நாளும்

சாமந்தி பூப்பதை முடிவு செய்வது இரவின் நீளம். நாளுக்கு 16 மணி நேரம் விளக்கு எரிந்தால் செடி இலையும் தண்டுமாக வளரும். 12 மணி வெளிச்சம், 12 மணி இருட்டு என்று மாற்றினால் மொட்டு வைக்கும். அன்றிலிருந்து பூ விரிய, ரகத்தைப் பொறுத்து 7 முதல் 10 வாரம். வேண்டிய தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி மாற்றுங்கள்.

வேர் பிடித்து இரண்டு வாரம் ஆனதும், அடியில் 5, 6 இலைகளை விட்டு நுனியைக் கிள்ளுங்கள். பக்கக் கிளைகள் 3 செ.மீ. வந்ததும் இருட்டைத் தொடங்கலாம். தாமதித்தால் செடி நெடுநெடுவென்று போய்விடும். மொட்டு உருவாகும்வரை தண்டு நீள்வது நிற்காது என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள்.

பெரும்பாலும் கெடுவது இருட்டில்தான். நள்ளிரவில் சிறிது நேரம் விளக்கைப் போட்டாலே செடி அதைக் குறுகிய இரவாக எடுத்துக்கொள்ளும். மொட்டு தள்ளிப்போகும், அல்லது இலை போன்ற திரிந்த மொட்டு வரும். கதவிடுக்கு, சார்ஜர் விளக்கு எல்லாவற்றையும் மறையுங்கள். டைமர் கட்டாயம், கையால் அணைத்துப் போடுவதை நம்ப வேண்டாம்.

தண்டு மெலிந்து நீண்டால் வெளிச்சம் போதவில்லை, அல்லது தொட்டிகள் நெருக்கம். இலைகள் உரசாதபடி நகர்த்துங்கள். பகல் வெப்பம் இரவைவிட மிக அதிகமானாலும் கணு இடைவெளி நீளும். 30 டிகிரிக்கு மேல் தொடர்ந்தால் பூக்கத் தாமதமாகும்.

பெரிய ஒற்றைப் பூ வேண்டுமென்றால், பக்க மொட்டுகளைப் பட்டாணி அளவு வருமுன் நீக்குங்கள்.