தக்காளிக்குள் போன கிருமி: நாம் செய்யும் தவறுகள்

அலசிவிட்டால் தக்காளி சுத்தமாகிவிடும் என்று நினைப்பதுதான் முதல் தவறு. தோலில் ஒட்டியது ஓரளவு போகும். காம்பு விழுந்த குழி வழியாகவோ வெடிப்பு வழியாகவோ உள்ளே நுழைந்த சால்மோனெல்லாவை, அதாவது வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் தரும் பாக்டீரியாவை, எந்தத் தண்ணீரும் எடுக்காது.

உள்ளே போன கிருமி சும்மாவும் கிடப்பதில்லை. பழம் பழுக்கும்போது சர்க்கரை கூடுகிறது, புளிப்பு குறைகிறது, சதை இளகுகிறது. அதற்கேற்பக் கிருமி சில மரபணுக்களை முடுக்குகிறது, சிலவற்றை அடக்குகிறது. புளோரிடா ஆய்வாளர்கள் 2010இல் இதைக் காட்டினார்கள்: லினோலிக் அமிலம் போன்ற கொழுப்பு அமிலங்களைச் சிதைக்க உதவும் ஒரு மரபணு, காயில் ஒரு விதமாகவும் பழத்தில் வேறு விதமாகவும் இயங்கியது. காயைவிடப் பழுத்த தக்காளியில்தான் சால்மோனெல்லா அதிகம் பெருகும். அதற்காகக் காய் பாதுகாப்பானது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கேயும் அது உயிரோடு இருக்கும். தக்காளியின் புளிப்பையும் தாங்கிக்கொள்ளும்.

நம் ராமேஸ்வரம் கடற்கரையில் நான் மிகவும் பயப்படுவது ஐஸ் தண்ணீருக்கு. உச்சிப்புளி, தங்கச்சிமடம் வெயிலில் கூடையோடு சூடேறிய தக்காளியை ஐஸ் தண்ணீரில் போட்டால், பழத்துக்குள் இருக்கும் காற்று சுருங்கி, காம்புக்குழி வழியாகத் தண்ணீரை உள்ளே இழுக்கும். தண்ணீரில் இருக்கும் கிருமியும் கூடவே போகும். தக்காளி பேக் செய்யும் கூடங்களில் பழத்தின் சூட்டைவிடச் சுமார் 5 டிகிரி கூடுதலான தண்ணீரில் கழுவச் சொல்வது இதனால்தான். மீன் பெட்டி ஐஸ் என்றால் கேட்கவே வேண்டாம்.

குடம் குடமாகக் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்கும் வீடுகளில், ஒரே சட்டியில் எல்லாவற்றையும் முக்கி எடுப்பது புரிந்துகொள்ளக் கூடியதே. ஆனால் அதில் ஒரு அழுகல் பழம் கிடந்தாலும் மற்றவற்றுக்குப் பரவும். அழுகலை முதலில் ஒதுக்கிவிட்டு, சொம்பில் மொண்டு ஊற்றிக் கழுவுங்கள். அதிகத் தண்ணீர் செலவாகாது.

அழுகிய பக்கத்தை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு மீதியைப் பச்சடிக்குப் போடாதீர்கள். அழுகல் பாக்டீரியா சதையைக் கரைத்துக் கொடுத்த இடத்தில் சால்மோனெல்லா செழிக்கும். நசுங்கியது, வெடித்தது எல்லாம் குழம்புக்குத்தான். நன்றாகக் கொதித்தால் கிருமி சாகும்.

அப்புறம், மீன் ஆய்ந்த அரிவாள்மனையில் பழம் நறுக்காதீர்கள். நறுக்கிய தர்பூசணியும் பப்பாளியும் தக்காளியைவிடப் புளிப்பு குறைந்தவை, அதனால் கிருமி எளிதாகப் பெருகும். ராமேஸ்வரம் வெக்கையில் அவற்றை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. உடனே சாப்பிடாவிட்டால் ஃப்ரிட்ஜில், 5 டிகிரிக்குள்.