பலோமா: உயரமான கிளாஸில் டெக்கீலா, வீட்டிலேயே செய்வது எப்படி?

டெக்கீலா என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது, சின்னக் கிளாஸில் ஊற்றி, உப்பை நக்கி, ஒரே மூச்சில் விழுங்குவதுதான். மெக்சிகோவில் வெயில் நேரத்துக்கு வேறு ஒரு வழி உண்டு. கிரேப்ஃப்ரூட் என்ற, ஆரஞ்சு இனத்தைச் சேர்ந்த, லேசாகக் கசக்கும் பழத்தின் சுவையுள்ள சோடாவுடன், நிறைய ஐஸ் போட்டு, உயரமான கிளாஸில் நிதானமாகக் குடிப்பார்கள். அதுதான் பலோமா. ஷேக்கரும் வடிகட்டியும் தேவையில்லை. குடிக்கிற கிளாஸிலேயே கலந்துவிடலாம். காக்டெய்ல் பழக நினைப்பவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன். எளிதுதானே என்று ஏனோதானோவென்று கலந்தால் மட்டும் கேஸ் போன இனிப்புத் தண்ணீராகிவிடும். குளிர்ச்சி, உப்பு இந்த இரண்டிலும் கவனம் வையுங்கள், மற்றதெல்லாம் தானாக அமையும்.

என்னென்ன வேண்டும்?

ஒரு கிளாஸுக்கு டெக்கீலா 50 மி.லி., அப்போதே பிழிந்த எலுமிச்சைச் சாறு 15 மி.லி., ஒரு சிட்டிகை உப்பு, கிரேப்ஃப்ரூட் சோடா 150 மி.லி., கிளாஸ் நிறைய ஐஸ், அலங்கரிக்க ஒரு துண்டு கிரேப்ஃப்ரூட் அல்லது எலுமிச்சை. கிளாஸ் 350 மி.லி. கொள்ளட்டும். அதைவிடச் சிறியதென்றால் ஐஸுக்கு இடம் போதாது.

டெக்கீலா வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். ஆனைக்கற்றாழை இனத்தைச் சேர்ந்த நீல அகாவேயிலிருந்துதான் டெக்கீலா தயாராகிறது. மெக்சிகோவின் ஹலிஸ்கோ மாநிலத்திலும், அந்நாட்டின் வேறு 4 மாநிலங்களின் குறிப்பிட்ட பகுதிகளிலும் செய்ததற்கு மட்டுமே அந்தப் பெயரைச் சூட்டலாம். லேபிளில் '100% அகாவே' என்று இருந்தால் முழுச் சர்க்கரையும் அந்தச் செடியிலிருந்தே வந்தது. அப்படிப் போடாவிட்டால், 49% வரை கரும்பு போன்ற வேறு சர்க்கரை கலந்திருக்கலாம். சோடாவில்தானே கலக்கப்போகிறோம், எதுவானாலும் என்ன என்று தோன்றும். எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்தப் பானத்தில் டெக்கீலாவை மறைக்கும் அளவுக்கு எதுவுமே இல்லை, அகாவேயின் பச்சை வாசனை நேராக மூக்குக்கு வரும். 100% அகாவேயில் விலை குறைந்த பாட்டிலே போதும்.

அடுத்து வகை. பிளாங்கோ என்பது பீப்பாயில் வைக்காததோ, 2 மாதத்துக்குள் எடுத்ததோ ஆன தெளிந்த டெக்கீலா. ரெபோசாடோ குறைந்தது 2 மாதமும், அன்யேஹோ குறைந்தது ஓர் ஆண்டும் ஓக் பீப்பாயில் இருந்தவை. பலோமாவுக்கு பிளாங்கோதான் என் தேர்வு. ரெபோசாடோவிலும் செய்யலாம், கொஞ்சம் மென்மையாக வரும். அன்யேஹோவைச் சோடாவில் கலக்காதீர்கள், அதைத் தனியாகவே ருசிக்கலாம்.

கிரேப்ஃப்ரூட் சோடா கிடைக்கவில்லையா? கிரேப்ஃப்ரூட் சாறு 60 மி.லி., சர்க்கரைப் பாகு 15 மி.லி., குளிர்ந்த வெறும் சோடா 75 மி.லி. என்று எடுத்துக்கொள்ளுங்கள். பாகுக்கு, சம அளவு சர்க்கரையும் சுடுநீரும் கலந்து ஆறவிட்டால் போதும். இந்த முறையில் கசப்பு சற்றுக் கூடும், பழ வாசனையும் கூடும். எனக்கு இதுவே அதிகம் பிடிக்கும்.

செய்முறை

படி 1. முந்தைய நாளே சோடாவையும் டெக்கீலாவையும் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். முடிந்தால் கிளாஸையும். கேஸ் குளிர்ந்த நீரில்தான் நன்றாகத் தங்கும். சோடா வெதுவெதுப்பாக இருந்தால், ஐஸில் பட்டதும் நுரைத்து கேஸ் போய்விடும், ஐஸும் வேகமாகக் கரைந்து பானம் நீர்த்துவிடும்.

படி 2. எலுமிச்சையைப் பிழிந்து கிளாஸில் ஊற்றி, முதலில் அதில் உப்பைப் போட்டுக் கரையுங்கள். இந்த வரிசையை மாற்ற வேண்டாம். உப்பு மதுவில் சரியாகக் கரையாது, சாற்றில் சட்டென்று கரைந்துவிடும். கடைசியில் சோடாவின் மேல் தூவினாலோ, ஒவ்வொரு உப்புத் துகளைச் சுற்றியும் குமிழிகள் கிளம்பிப் பொங்கி வழியும்.

உப்பு எதற்கு என்று கேட்கலாம். கிரேப்ஃப்ரூட்டின் கசப்பை அது அடக்குகிறது. கசப்பு தணிந்ததும் பழத்தின் இனிப்பும் வாசனையும் மேலே வருகின்றன. உப்புக் கரிக்கக் கூடாது. உப்பு இருப்பதே தெரியாத அளவுதான் சரி. கிளாஸின் விளிம்பில் எலுமிச்சை தடவி உப்பில் ஒற்றி எடுக்கும் பழக்கமும் உண்டு. அப்படிச் செய்வதானால் பாதி விளிம்புக்கு மட்டும் செய்யுங்கள், வேண்டாதவர்கள் மறுபக்கத்தில் குடிக்கலாம்.

படி 3. டெக்கீலாவை ஊற்றி ஒருமுறை கலக்கிவிடுங்கள். கண் அளவை நம்பாமல் அளவுக் கிண்ணத்திலேயே அளந்து ஊற்றுங்கள்.

படி 4. ஐஸ் போடுங்கள், விளிம்பு வரை. ஐஸைக் குறைத்தால் பானம் நீர்க்காது என்று நினைப்பவர்கள் உண்டு. நடப்பது நேர்மாறானது. இரண்டு கட்டி மட்டும் மிதந்தால் பானம் குளிராது, அந்த இரண்டும் சீக்கிரம் கரைந்தும் போகும். கிளாஸ் நிறைய இருந்தால் ஒன்றையொன்று குளிர வைத்து மெதுவாகக் கரையும். பெரிய கட்டிகள் இன்னும் நல்லது.

படி 5. கிளாஸைச் சற்றுச் சாய்த்து, உள்பக்கச் சுவரை ஒட்டிச் சோடாவை மெல்ல ஊற்றுங்கள். பிறகு நீளக் கரண்டியை அடிவரை விட்டு, ஒருமுறை மேலே தூக்கிவிட்டால் போதும். சுழற்றிச் சுழற்றிக் கலக்கினால் கேஸ் வீணாகும். பழத்துண்டைச் செருகி உடனே கொடுத்துவிடுங்கள்.

கலக்குவது என்றதும் ஒரு மனிதர் ஞாபகத்துக்கு வருகிறார். டெக்கீலா என்ற ஊரிலேயே லா கபீயா என்ற மதுக்கூடத்தை நடத்திய தொன் ஹவியேர் டெல்காடோ கொரோனா. டெக்கீலா, எலுமிச்சை, கோலா சேர்ந்த பதாங்கா அவருடைய பானம். சமையல் கத்தியால்தான் அதைக் கலக்குவார். பலோமாவையும் அவரே கண்டுபிடித்தார் என்று பலர் எழுதியிருக்கிறார்கள், அவரோ அதை ஏற்றுக்கொள்ளவில்லை. கிரேப்ஃப்ரூட் சோடாவுக்குப் பதில் கோலா ஊற்றினால் உங்களுக்கும் பதாங்கா கிடைத்துவிடும்.

விருந்தாளிகள் வந்தால்

எட்டுப் பேருக்கு, 400 மி.லி. டெக்கீலா, 120 மி.லி. எலுமிச்சைச் சாறு, அரை டீஸ்பூன் தூள் உப்பு ஆகியவற்றை ஒரு ஜாடியில் கலந்து இரண்டு மூன்று மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். ஆளுக்கு 65 மி.லி. ஊற்றி, ஐஸ் நிரப்பி, சோடாவை அந்தந்தக் கிளாஸில் தனித்தனியாகச் சேருங்கள். சோடாவை ஜாடியிலேயே ஊற்றிவிட்டால் கடைசி ஆளுக்குக் கேஸே மிஞ்சாது. மது குடிக்காதவர்களுக்கு டெக்கீலா இல்லாமல் மற்ற எல்லாம் சேர்த்துக் கொடுங்கள். உப்பும் எலுமிச்சையும் இருப்பதால் அதுவும் தனியே ஒரு நல்ல பானம்தான்.

மூன்று எச்சரிக்கைகள் உண்டு. 40% டெக்கீலாவில் செய்த இந்தப் பானம், ஐஸ் கரையும் முன் சுமார் 9% மது கொண்டது. ஜூஸ் போல இறங்கும், ஆனால் சாதாரண பியரைவிடக் கடுமையானது. வண்டி ஓட்டப்போகிறவர்களுக்குக் கொடுக்காதீர்கள். அப்புறம், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகையிலும் ரத்த அழுத்த மருந்துகளிலும் சில, கிரேப்ஃப்ரூட்டுடன் சேர்ந்தால் உடலில் அளவு மீறிச் சேரும். தினமும் மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. மூன்றாவது, வெயிலில் உட்கார்ந்து எலுமிச்சை பிழியாதீர்கள். சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளம் வரலாம். உள்ளே பிழிந்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வெளியே வாருங்கள்.