தின்தொரெத்தோவின் ஆதாம், ஏவாள் ஓவியத்தை மறைக்கல்வி வகுப்பில் காட்டும் முறை

கோலாலம்பூர் புடு வட்டாரத்துப் புனித அந்தோணியார் ஆலயம் போன்ற தமிழ்க் கத்தோலிக்கப் பங்குகளில் மறைக்கல்வி நடத்துவோர், விவிலியத்தின் தொடக்க நூல் 3ஆம் அதிகாரத்தைக் கற்பிக்கும்போது இத்தாலிய ஓவியர் தின்தொரெத்தோவின் ஆதாம், ஏவாள் ஓவியத்தைத் துணையாகக் கொள்ளலாம். 1550களின் தொடக்கத்தில் வெனிஸ் நகரில் தைல வண்ணத்தில் தீட்டப்பட்டு, இன்று அந்நகரின் அக்காதெமியா கலைக்கூடத்தில் இருக்கும் இந்தப் படம் ஏறத்தாழ 150 செ.மீ. உயரமும் 220 செ.மீ. அகலமும் கொண்டது. ஆகவே கைப்பேசியில் காட்டாமல், புரொஜெக்டரில் ஏறத்தாழ அதே அளவுக்குப் பெரிதாக்கிக் காட்டுங்கள். உருவங்கள் ஆடையற்றவை என்பதால், பங்குத்தந்தையிடமும் பெற்றோரிடமும் முன்பே சொல்லி, பெரிய பிள்ளைகளின் வகுப்பில் மட்டும் காட்டுவது முறை.

ஆறாம் வசனத்தை உரக்க வாசித்துவிட்டுப் படத்தைத் திறந்ததும் எல்லோரும் ஏவாளையே பார்ப்பார்கள். நீங்கள் ஆதாமிலிருந்து தொடங்குங்கள். அவன் இடப்பக்கம் நமக்கு முதுகைக் காட்டி அமர்ந்திருக்கிறான். முகபாவம் அனேகமாக மறைந்துவிட்டதால், அவன் மனப்போராட்டம் முழுவதையும் முதுகும் தோளுமே சொல்லியாக வேண்டும். மரத்தடியிலிருந்து ஏவாள் கனியை நீட்ட, அவன் உடல் பின்வாங்குகிறது. விவிலியம் "அவனும் உண்டான்" என்று இரண்டே வார்த்தைகளில் கடந்துவிடும் அந்தத் தயக்கத்தை ஓவியர் நிறுத்திவைத்திருக்கிறார். இப்படத்தின் உயிர் அதுதான் என்பேன். சமநிலையான அழகை விட்டு, முறுக்கிய உடலாலும் சாய்கோடுகளாலும் உணர்ச்சியைக் கூட்டுவதே மேனரிசப் பாணி என்பதை இந்த முதுகைக் காட்டியே விளக்கிவிடலாம்.

அடுத்து வலப்பக்கப் பின்னணிக்குப் போங்கள். வானதூதர் ஒருவர் ஆதாம், ஏவாள் இருவரையும் தோட்டத்திலிருந்து துரத்தும் சிறு காட்சி அங்கே உண்டு. செயலும் அதன் விளைவும் ஒரே படத்தில் இருப்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். நீங்கள் சுட்டிக்காட்ட வேண்டாம்.

ஒளியைச் செய்துகாட்டுவதே சிறந்தது. தின்தொரெத்தோ சிறிய மெழுகுப் பொம்மைகளைச் செய்து, பெட்டிகளுக்குள் வைத்து, விளக்கொளியில் நிழல் விழும் விதத்தை ஆராய்ந்தார் என்று அவருடைய வரலாற்றை எழுதிய ரிதோல்ஃபி குறிப்பிடுகிறார். அறையை இருட்டாக்கி, ஒரு மாணவரை முதுகு காட்டி உட்காரவைத்து, கைப்பேசி விளக்கை முதலில் நேராகவும் பிறகு பக்கவாட்டிலிருந்தும் பிடியுங்கள். நேர் ஒளியில் தட்டையாகத் தெரிந்த தோள், பக்க ஒளியில் மேடும் பள்ளமுமாக எழுவதைப் பார்த்த பிறகு, படத்தை மீண்டும் திரையிட்டு, இந்த ஒளி எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள்.